தேர்ச்சிப் பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

மே மாதம் பிறந்தால் பரீட்சை முடிவுகள் வந்துவிடுகின்றன. ஊர்ச் செய்திகளைப் புரட்டினால், ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டியிருக்கும். கூலி வேலை செய்பவரின் மகள் பள்ளியிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருப்பாள். தில்லியிலும் நம் தமிழ்ப் பள்ளிகளின் முடிவுகள் வருகின்றன. கூட்டம் போட்டு, பிள்ளைகளை மேடையேற்றி, பொன்னாடை போர்த்துகிறோம். இதில் தவறொன்றும் இல்லை. நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் தாயின் பிள்ளையும், இட்லி வண்டி தள்ளும் தகப்பனின் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்பு தேறுவது லேசான காரியமல்ல. அந்தப் பிள்ளைகளை மனமார வாழ்த்துவோம்.

வாழ்த்தி முடித்ததும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்தப் பிள்ளையோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்த மற்றப் பிள்ளைகள் எங்கே?

தேர்ச்சி வீதம் என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. 2025ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் 95.03 சதவீதம் பேர் தேறினார்கள். அதே ஆண்டு சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் 88.39 சதவீதம் பேர் தேறினார்கள். நல்ல கணக்குத்தான். ஆனால் எட்டாம் வகுப்போடு நின்று, ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடிக்கப் போனவன் இந்தக் கணக்கில் வரமாட்டான். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் வரமாட்டாள். அவர்கள் தேறியவர்களும் அல்லர், தோற்றவர்களும் அல்லர். காகிதத்தில் அவர்கள் இல்லவே இல்லை.

முதலிடம், இரண்டாமிடம் என்று மாநிலப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளிடையே ஆரோக்கியமற்ற போட்டியும் மன அழுத்தமும் உண்டாவதைத் தவிர்ப்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அரசாங்கமே விட்டுவிட்ட பழக்கத்தை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஒரு பள்ளியின் சாதனையைச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து கணக்கிட வேண்டும் என்பதே நமது வாதம். ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டு முடித்தார்கள்? உழைக்கும் குடும்பங்களுக்கு வேண்டிய கணக்கு இதுதான்.

சல்லடை எங்கே இருக்கிறது?

தில்லியில் பிள்ளைகள் எங்கே உதிர்கிறார்கள் என்பது இரகசியமல்ல. 2023-24 கல்வியாண்டில் தில்லி அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றார்கள். பத்தாம் வகுப்பு முடிவு நன்றாக வர வேண்டுமானால் ஒன்பதிலேயே வடிகட்டு என்ற நிலை பல காலமாக இருந்துவருகிறது. தோற்ற பிள்ளைகளில் ஒரு பகுதியினர் மறுபடியும் அதே வகுப்பில் உட்காருகிறார்கள். ஒரு பகுதியினர் திறந்தநிலைப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் கட்டாயமாகவும் இலவசமாகவும் கல்வி தரச் சொல்கிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. சட்டம் கைவிடுகிற இடமும் சல்லடை தொடங்குகிற இடமும் ஒன்றே. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே இருக்கிற இந்தப் பள்ளத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். அந்த வயதில் வீடும் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும்?

ஊர் கூடிக் கட்டிய பள்ளி

நம்மில் பலருடைய பெற்றோர் படித்த கிராமத்துப் பள்ளி யாரால் வந்தது? காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில், 300 பேர் வாழும் ஊருக்கும் ஒரு பள்ளி, ஒரு மைல் தூரத்துக்குள் ஒரு பள்ளி என்ற கொள்கை வகுக்கப்பட்டது. பிள்ளையைப் பள்ளிக்கு வரச் சொல்வதற்கு முன், பள்ளி பிள்ளையிடம் போக வேண்டும் என்பதே அதன் பொருள். 1956இல் மதிய உணவு வந்தது. அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி, ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், பெஞ்சும் பலகையும் கொடுத்தார்கள். கையில் காசு இல்லாதவர் உழைப்பைக் கொடுத்தார்.

அந்த மாநாடுகள் முதல் மதிப்பெண்ணுக்காகக் கூட்டப்பட்டவை அல்ல. ஊர்ப் பள்ளிக்கு என்ன வேண்டும், அதை ஊரார் எப்படித் தருவது என்பதே நோக்கமாக இருந்தது.

தில்லியிலும் தமிழர் கூடியே பள்ளி கண்டார்கள். வெள்ளையர் ஆட்சியில் சர்க்கார் அலுவலகங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் 1920களில் தொடங்கிய சிறு பள்ளி, பின்னர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்தது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதிபாக், பூசா ரோடு, இராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி என்று ஏழு இடங்களில் அதன் பள்ளிகள் உள்ளன. அங்கே தமிழ் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. நூறாண்டைக் கடந்த இந்தப் பணி நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இந்த ஏழு பெயர்களையும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலானவை அரசு ஊழியர் குடியிருப்புகள் இருந்த மத்திய தில்லியிலும் தென் தில்லியிலும் அமைந்தவை. பின்னால் வந்த கூலித் தொழிலாளர்களின் குடியிருப்புகளோ ஊரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் தில்லியில் ஏறத்தாழ ஏழு லட்சம் ஏழைகள் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டு, திரிலோக்புரி, மங்கோல்புரி போன்ற இடங்களில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. வீடு இடம் மாறியது. பள்ளி பழைய இடத்திலேயே இருந்தது.

மதராசி கேம்ப்பின் பாடம்

அதே கதை 2025இல் மறுபடியும் நடந்தது. ஜங்புராவில், நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்ப்பைத் தெரியாத தில்லித் தமிழர் இல்லை. 1960களின் இறுதியிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அங்கே குடியேறினார்கள். சுற்றுவட்டாரத்து வீடுகளில் சமைத்தும், துடைத்தும், வண்டி ஓட்டியும் பிழைத்தார்கள். வாய்க்காலை அகலப்படுத்த வேண்டும் என்பதற்காக, 2025 மே 9ஆம் தேதி தில்லி உயர்நீதிமன்றம் அந்தக் குடிசைகளை அகற்ற உத்தரவிட்டது. ஜூன் 1ஆம் தேதி புல்டோசர் வந்தது. அங்கிருந்த 370 குடிசைகளில் 189 குடும்பங்களுக்கு மட்டும் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று சொல்லப்பட்டது. வீடு ஒதுக்கப்பட்ட இடம் நரேலா. நகரத்தின் வடகோடி. ஜங்புராவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

வாய்க்கால் அடைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் வெள்ளம் வரும் என்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது பிள்ளைகளைப் பற்றி. அந்தக் கேம்ப்பின் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டிலிருந்து பள்ளி சில கிலோமீட்டர்தான். நரேலாவிலிருந்து அதே பள்ளிக்கு வர வேண்டுமானால், விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். வளர்ந்த ஆண் வேலைக்காக அப்படி அலையலாம். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்?

நரேலாப் பகுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்க அரசு உதவ வேண்டும் என்றும் அதே உத்தரவில் சொல்லப்பட்டது. நல்லது. ஆனால் தில்லியில் வகுப்புகள் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகின்றன. தமிழைப் பாடமாக எடுத்துப் படித்த பிள்ளை, நடுவில் பெயர்ந்து, வேறு மொழிப்பாடத்தோடு எட்டிலோ ஒன்பதிலோ போய் உட்கார்ந்தால், முன்னே சொன்ன சல்லடையில் அது எப்படித் தப்பும்? வீடே கிடைக்காத 181 குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? அடுத்த சில ஆண்டுகளில் வரப்போகும் தேர்ச்சிப் பட்டியல்கள் எதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. பட்டியல் அப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

ஊருக்குத் திரும்பினால்?

சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவி செய்வதாகத் தமிழ்நாடு அரசு அப்போது அறிவித்தது. திரும்பும் குடும்பத்தின் பிள்ளைக்குக் கிராமத்துப் பள்ளிக் கதவு திறந்தே இருக்கும். ஆனால் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று மொழி. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி, தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். தில்லியில் வளர்ந்த பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும். ஆகவே பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது மொழிப்பற்றுக்காக மட்டுமல்ல. நாளைக்கு எந்த ஊரில் குடியிருப்போம் என்று தெரியாத குடும்பத்துக்கு அது ஒரு பாதுகாப்பு.

இரண்டாவது தடை சலுகைகளின் விதி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளைத் தூக்கிவிடும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இவை கொண்டுவரப்பட்டன. ஆறும் ஏழும் தில்லி அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, எட்டாம் வகுப்பில் ஊருக்குத் திரும்பிய தொழிலாளியின் மகள் என்ன குற்றம் செய்தாள்? அவள் படித்ததும் அரசுப் பள்ளி, அவள் தகப்பனும் ஏழை. மாநில எல்லை ஒன்றுதான் வித்தியாசம்.

பெற்றோர்கள் அறிய வேண்டியவை

சட்டத்தில் நமக்கு உதவும் சில பிரிவுகள் உண்டு. பள்ளி வாசலில் யாராவது திருப்பி அனுப்பினால், இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, பள்ளியை விட்ட பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். 5ஆவது பிரிவின்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 14ஆவது பிரிவின்படி, வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. 15ஆவது பிரிவின்படி, ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவை எட்டாம் வகுப்பு வரைக்குமே. அதனால்தான் எட்டு முடிக்கும் பிள்ளையின் மேல் இரட்டைக் கண் வேண்டும் என்கிறோம்.

நமது கோரிக்கைகள்

1. இடம் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, நரேலாவிலிருந்து பழைய பள்ளிக்குப் போய்வர, பன்னிரண்டு முடிக்கும்வரை பஸ் வசதி செய்ய வேண்டும். பிள்ளை படிக்கும் ஆண்டின் நடுவில் எந்தக் குடியிருப்பையும் இடிக்கக் கூடாது.

2. நரேலா, திரிலோக்புரி போன்ற இடங்களில் மாலைநேரத் தமிழ் வகுப்பும், எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு, ஆங்கில வகுப்பும் தொடங்க வேண்டும். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு அறை, ஒரு விளக்கு, நம்மில் படித்த இளைஞர் இருவர் போதும்.

3. வேறு மாநில அரசுப் பள்ளிகளில் புலம்பெயர் தொழிலாளரின் பிள்ளைகள் படித்த ஆண்டுகளையும் சலுகைகளுக்குக் கணக்கில் எடுக்கத் தமிழ்நாடு அரசு விதிகளைத் திருத்த வேண்டும்.

4. தமிழ்ப் பள்ளிகளானாலும் அரசுப் பள்ளிகளானாலும், தேர்ச்சி வீதத்தோடு, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை, பன்னிரண்டு முடித்தவர் எத்தனை என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நாலாவது கோரிக்கைக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. நாமே தொடங்கலாம். ஒவ்வொரு குடியிருப்பிலும் உள்ள நம் உறுப்பினர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தம் தெருவில் உள்ள பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, படிப்பை நிறுத்தியிருந்தால் அதற்கான காரணம் ஆகியவற்றை எழுதட்டும். நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு ஒருமுறை அல்ல, மூன்று முறை போகட்டும். தகப்பனுக்கு வேலை போயிற்றா, பெண்ணுக்குத் துணையில்லையா, கணக்கு வரவில்லையா என்று விசாரிக்கட்டும். காரணம் தெரிந்தால்தான் வழி பிறக்கும். கடம்பத்தூரில் ஊர் மக்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். அவர்களிடம் நம்மைவிடப் பணம் குறைவாகவே இருந்தது.

அடுத்த பாராட்டு விழாவில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துவோம். அதே மேடையில், நின்றுபோய் மறுபடியும் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைக்கும் ஒரு பொன்னாடை வைத்திருப்போம்.