கல்லான மரத்தின் பெயர்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ளது வான்டேஜ் என்னும் சிற்றூர். அங்கு எரிமலைக் குழம்புப் பாறைகளினிடையே, ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுள் கிங்கோ மரமும் இருத்தலை 1930களில் ஜார்ஜ் பெக் என்னும் நிலவியல் பேராசிரியர் கண்டறிந்தார்.

கிங்கோவின் இலை விசிறி போன்றது, எளிதில் அறியலாம். ஆனால் இலையும் கட்டையும் ஒருங்கே கிடைத்தல் அரிது. கட்டையோ பைன் மரத்தினதைப் பெரிதும் ஒத்தது. தேக்கில் காணும் அகன்ற நீர்க்குழாய்கள் இரண்டிலும் இல்லை. கல்லின் நிறமும் சான்றாகாது. அது பின்னர் ஊறிய கனிமங்கள் தந்தது. ஆகவே, ஒளி ஊடுருவுமாறு கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் காணவேண்டும். அகலம் ஒவ்வாத உயிரணுக்களும், அவற்றினிடையே உப்பி நிற்கும் சில உயிரணுக்களும் கிங்கோவின் அடையாளங்கள்.

எனினும் இவை உறவைக் காட்டுமேயன்றி, இனத்தைக் காட்டா. அழிந்துபோன உறவுமரங்களின் கட்டையும் இவ்வாறே இருந்திருக்கலாம். சீனத்தில் எஞ்சி நின்ற ஒரே இனத்தின் பெயரை இக்கல்லுக்குச் சூட்டுவோமாயின், அவ்வினம் வாழாத நாட்டிலும் வாழ்ந்ததாக வரலாறு பிழைபடும். கிங்கோவை ஒத்த கட்டையைக் குறிக்க அறிஞர் வழங்கும் ‘கிங்கோக்சிலான்’ என்னும் பெயரே தக்கது என்பேன். அதனைத் தயக்கம் எனச் சிலர் இகழலாம். நம் கையிலிருப்பது கட்டை மட்டுமே. இலையோ விதையோ உடன் கிடைக்கும் நாளில் பெயரைத் திருத்தத் தடையில்லை.