விசில் ஊதுபவருக்கு மாதம் எவ்வளவு?

சிப் கெல்லி என்று ஓர் அமெரிக்கர் இருக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்கே சமீபத்தில்தான் தெரியும்.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் ஊர் கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளிவிட்டு ஓடுகிற ஆட்டம். கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்க்கவே லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள் அங்கே உண்டு. டீமுக்கு ஒரு தலைமை கோச். அவருக்குக் கீழே இரண்டு தளபதிகள். எதிரியைத் தடுக்கத் திட்டம் போடுபவர் ஒருவர். பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுக்கத் திட்டம் போடுபவர் இன்னொருவர். இந்த இரண்டாமவருக்கு அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் என்று பெயர். இந்த நிமிஷம் யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்றெல்லாம் கோட்டுக்கு வெளியே இருந்தபடி முடிவு செய்கிறவர் பெரும்பாலும் அவர்தான். ஜெயித்தால் போட்டோ பையனுக்கு, பேட்டி தலைமை கோச்சுக்கு. தோற்றால் முதலில் உருளுவது இவர் தலை.

கெல்லி இந்த வேலையை 1999 முதல் 2006 வரை நியூ ஹாம்ப்ஷயர் என்ற சின்ன மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். 2007-ல் ஓரிகன் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. 2009-ல் அங்கேயே தலைமை கோச் ஆனார். அப்புறம் தொழில்முறை அணிகள், மறுபடி ஒரு பல்கலைக்கழகம் என்று ஏற்ற இறக்கங்கள். 2024-ல் தலைமைப் பதவியை உதறிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பினார், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். சம்பளம் வருடத்துக்கு 20 லட்சம் டாலர். நம்ம காசில் பதினாறு, பதினேழு கோடி. 2025 ஜனவரியில் அந்த அணி தேசிய சாம்பியன். உடனே லாஸ் வேகஸின் தொழில்முறை அணி 60 லட்சம் டாலர் தருகிறேன் என்று அள்ளிக்கொண்டு போனது. ஆட்டம் எடுபடவில்லை. அதே வருடம் நவம்பரில், சீசன் முடிவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டாதீர்கள். அந்த ஊரில் கோச்சைத் துரத்துவது சுலபம். ஆனால், இலவசம் கிடையாது. டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற தலைமை கோச்சை நடுவில் விலக்கியது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். அறுநூறு கோடி ரூபாய்க்கு மேல், வேலை செய்யாமல் இருப்பதற்கு! என்னைக் கேட்டால் இது கொழுப்பு. ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதத்துக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது.

இந்தக் கதையை நான் பொன்னமராவதியில் ஒருவரிடம் சொன்னேன்.

பொன்னமராவதி தெரியுமில்லையா? புதுக்கோட்டை மாவட்டத்தில், சிவகங்கைப் பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். பங்குனியில் கொன்னையூர் மாரியம்மனுக்குக் கூட்டம் அள்ளும்போது பத்திரிகைகளில் இரண்டு பத்தி வரும். மற்றபடி நம்மைப் போன்ற பட்டணத்து ஜனங்களுக்கு, காரைக்குடி பங்களாக்களைப் பார்க்கப் போகிற வழியில் எங்கேயோ வருகிற பெயர்ப்பலகை.

நான் பேசிய ஆள் அந்த வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். பெயரும் பள்ளியும் வேண்டாம், அவர் பிழைக்க வேண்டும். வாரத்தில் மூன்று அரை நாள்தான் அவருக்கு வேலை. மற்ற நாட்களிலும் சாயங்காலம் வந்து பிள்ளைகளை ஓடவிடுகிறார். முகூர்த்த நாட்களில் கல்யாணப் பந்தியில் பரிமாறப் போகிறார். குறுவட்டப் போட்டிக்கு ஏழெட்டுப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவதும், எல்லோருக்கும் தக்காளி சாதப் பொட்டலம் வாங்குவதும், பரிசு வாங்கிய பெண்ணை இருட்டுவதற்குள் வீட்டில் விடுவதும் அவர் பொறுப்பு. சர்டிபிகேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கும், பள்ளியின் பெயர் இருக்கும், இவர் பெயர் இருக்காது.

“பதினேழு கோடியா?” என்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்: “மே மாசத்துக்கும் சேர்த்தா சார்?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். 2012-ல் தமிழக அரசு பகுதிநேர ஆசிரியர்கள் என்று 16,549 பேரை நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கம்ப்யூட்டர் எல்லாம் இதில் அடக்கம். தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அது ஏழாயிரம், 7,700, பத்தாயிரம் என்று நத்தை மாதிரி நகர்ந்து, 2023-ல் 12,500 என்று அறிவிப்பு வந்தது. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு, அதனால் சம்பளமும் லீவு என்பது அவர்களுடைய நெடுநாள் புகார். போராடுவார்கள், போலீஸ் வேனில் ஏற்றுவார்கள், கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விட்டுவிடுவார்கள். ஆட்சி மாறினாலும் மண்டபம் மாறுவதில்லை.

இந்த 5,000 ரூபாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு.

அதே புதுக்கோட்டை மாவட்டம், கத்தக்குறிச்சி. சாந்தி சௌந்தரராஜனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். 2006 டிசம்பர், தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த அநியாயத்தைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது. 2009-ல் இதே சோதனைக்கு ஆளான காஸ்டர் செமன்யாவுக்குத் தென்னாப்பிரிக்கா மொத்தமும் எழுந்து நின்றது, இங்கே டெல்லியில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை என்பதோடு விடுகிறேன். பதக்கம் போன பிறகும் 15 லட்சம் ரூபாய் பரிசை நிறுத்தாமல் கொடுத்தது அன்றைய கருணாநிதி அரசு. அதைச் சொல்லாமல் விடுவது தப்பு.

சாந்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஓட்டக்காரி சாந்தியைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் சொல்லவருவது கோச் சாந்தியைப் பற்றி. உடைந்து போய், சாவின் வாசல்வரை போய்த் திரும்பிய அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பரிசுப் பணத்தை வைத்து புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு இலவசமாக ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். 2009 வாக்கில் அவரிடம் 68 பேர் பயின்றார்கள். சென்னை மாரத்தானில் பரிசு வாங்குகிற அளவுக்கு அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றே வருடத்தில் இது நடந்தது. கெல்லி நியூ ஹாம்ப்ஷயரில் எட்டு வருடம் யாருக்கும் தெரியாமல் வேலை கற்றுக்கொண்டார் என்றேனே, அதற்கு நிகரான காலம் சாந்திக்கு இதுதான். இந்த இடத்தில்தான் ஒரு பல்கலைக்கழகமோ ஒரு அரசாங்கமோ வந்து, “வாம்மா, ஐந்து வருடத்துக்கு உன்னை எடுத்துக்கொள்கிறோம்” என்று சொல்லியிருக்க வேண்டும்.

வந்தது என்ன? ஒப்பந்த கோச் வேலை. மாதம் 5,000 ரூபாய்.

கட்டுப்படியாகாமல் அதை விட்டார். 2012-ல், மறுபடி பெற்றோரோடு செங்கல் சூளையில் நிற்கிறார் என்று செய்தி வந்தது. தினக்கூலி 200 ரூபாய். மாதத்துக்கு 25 நாள் வேலை என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 5,000 ரூபாய்! பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தாலும் அதே தொகை, கல் அறுத்தாலும் அதே தொகை. அதே 2012-ல் பகுதிநேர ஆசிரியருக்கு நிர்ணயித்ததும் அதே தொகை. மூன்று லெட்ஜரிலும் ஒரே எண் வந்தால் அதைத் தற்செயல் என்று எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். விளையாட்டு சொல்லிக்கொடுப்பது கூலி வேலை, அதற்குக் கூலி ரேட்தான் என்று ஒரு சமுதாயமாக நாம் முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

செங்கல் சூளைச் செய்தி டெல்லி வரை போய் மானத்தை வாங்கிய பிறகு, பெங்களூரில் கோச்சுகளுக்கான டிப்ளமோ படிப்பில் சேர்த்துவிட்டார்கள். படித்து முடித்தார். திரும்பவும் கான்ட்ராக்ட். மனு, கமிஷன், கோர்ட் என்று அலைந்து, மாநில விளையாட்டு ஆணையத்தில் நிரந்தர கோச் ஆவதற்கு தோஹாவிலிருந்து பத்து வருடங்கள் ஆயின.

கான்ட்ராக்ட் என்கிற சொல்லைத்தான் நாம் குட்டிச்சுவராக்கிவிட்டோம். பி.காமில் மெர்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் கட்டுப்பட வேண்டும், மீறினவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 73-வது பிரிவு சொல்கிறது. எங்கள் பேராசிரியர் இதை ராகம் போட்டே சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால், அரசாங்கமும் தனியார் பள்ளிகளும் சேர்ந்து இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்திருக்கின்றன. இங்கே கான்ட்ராக்ட் என்றால், வேலை செய்கிறவர் மட்டும் கட்டுப்படுவது. ஃபிஷருடைய காகிதம் கோச்சைக் காப்பாற்றியது. நம் மாஸ்டருடைய காகிதம் அவரை எப்போது வேண்டுமானாலும் அனுப்புவதற்கு எழுதப்பட்டது.

“நிரந்தரம் ஆக்கினால் வேலையே செய்ய மாட்டான் சார்” என்று பொன்னமராவதி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார். உங்களில் பாதிப் பேருக்கும் அதே எண்ணம் இருக்கும். வேஷ்டி சட்டையோடு மர நிழலில் உட்கார்ந்து, பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்கிய டிரில் மாஸ்டர்களை நானும் பார்த்திருக்கிறேன். சரி, நிரந்தரம் வேண்டாம். கெல்லிக்குக்கூட நிரந்தரம் இல்லையே. ஐந்து வருட ஒப்பந்தம் போடுங்கள். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். செய்யவில்லை என்றால் அனுப்புங்கள். ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம், பன்னிரண்டு மாதமும். நீங்களாக நடுவில் துரத்தினால் மிச்சக் காலத்துக்கு நியாயமான ஒரு தொகை. இதில் எது புரட்சி?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 12,500 ரூபாய்க் கணக்கில் 3 கோடிக்கு ஒரு பகுதிநேர ஆசிரியருக்கு 200 வருடம் சம்பளம் கொடுக்கலாம். மாதம் 40,000 என்று கௌரவமாகக் கொடுத்தாலும் இரண்டு கோச்சுகளுக்கு 31 வருடம் வரும். கட்டடம் கட்ட ஆகும் பணத்தை முதலீடு என்று எழுதுகிறோம், அதற்குள் நிற்கிற மனிதருக்குக் கொடுப்பதைச் செலவு என்று எழுதுகிறோம். கணக்குப் புத்தகத்தில் இருக்கும் இந்தக் கோளாறு மைதானத்தில் புல்லாக முளைக்கிறது.

செஸ்ஸைப் பாருங்கள் என்பீர்கள். பார்த்தேன். ஆர்.பி.ரமேஷ் 2008-ல் இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டு முழுநேர கோச் ஆனார். பிரக்ஞானந்தா அவர் கையில் வளர்ந்தவர். குகேஷ் 2024 டிசம்பரில் உலக சாம்பியன் ஆனபோது விஷ்ணு பிரசன்னா, கஜெவ்ஸ்கி என்று பின்னால் நின்றவர்களின் பெயர்கள் வெளியே வந்தன. அந்தக் கஜெவ்ஸ்கி செய்ததும் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் வேலைதான், எதிராளிக்கு எந்த ஆரம்பத்தைக் கொடுப்பது என்று ராத்திரியெல்லாம் திட்டம் போடுவது. ஆனால் செஸ், டென்னிஸ், நீச்சல் எல்லாம் பெற்றோர் ஃபீஸ் கட்டுகிற விளையாட்டுகள். சென்னையில் அதை வைத்து ஒருவர் கோச்சாகவே வாழ்ந்துவிடலாம். பொன்னமராவதியில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையின் அப்பா யாருக்கு ஃபீஸ் கட்டுவார்? அங்கே கோச்சுக்குச் சம்பளம் கொடுக்க அரசாங்கத்தை விட்டால் ஆள் இல்லை. அரசாங்கமும் கை விரித்தால், அந்தப் பிள்ளை வேகமாக ஓடுகிறாள் என்பது மாடு மேய்க்கும்போது பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள் தொகுதியில் சிறு விளையாட்டரங்கத்துக்கு அடிக்கல் நாட்ட வந்தால் போய் நில்லுங்கள். கல்லில் யார் யார் பெயர் வரிசையாக இருக்கிறது என்று படித்துவிட்டு எம்.எல்.ஏ.வைக் கேளுங்கள்: இங்கே கோச் யார், அவருக்கு எத்தனை வருடத்துக்கு ஆர்டர், மே மாதம் சம்பளம் உண்டா?