முதியோர் இல்லம் வேண்டுமா, வேண்டாமா? முதலில் அவர்களைக் கேட்போமா!

(11-ஆம் வகுப்பு, வணிகவியல் பிரிவு மாணவி)



பேச்சுப்போட்டி என்று வந்துவிட்டால் சில தலைப்புகள் மாறவே மாறாது. அதில் ஒன்று, "முதியோர் இல்லங்கள் பெருகுவது சமுதாயத்தின் சாபக்கேடே!" மேடை ஏறுகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்சிதான். பெற்றவளைத் தெருவில் விட்டாயே மகனே என்று குரல் தழுதழுக்கச் சொன்னால் முதல் பரிசு உறுதி. நாமும் கை வலிக்கத் தட்டுகிறோம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இத்தனை பேர் பேசினார்களே, அதில் ஒருவராவது ஒரு தாத்தாவிடமோ ஆச்சியிடமோ போய், "நீங்க எங்க இருக்கணும்னு ஆசப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்து பேசினார்களா?

இல்லம் நல்லதா, கெட்டதா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். அங்கே போவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதை முடிவு செய்தது யார்? அதுதான் முதல் கேள்வி.

எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. பென்ஷன் வருகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றைப் பற்றி யாரோ சொல்ல, அங்கே போய் இருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் கேட்டார். "ஊரு என்னப்பா சொல்லும்? ரெண்டு மகன் இருந்தும் ஹோம்ல விட்டுட்டான்னு எங்க மூஞ்சியில காறித் துப்பமாட்டாங்களா?" என்று மகன்கள் மறுத்துவிட்டார்கள். இப்போது மூன்று மாதம் பெரியவர் வீடு, மூன்று மாதம் சின்னவர் வீடு. பெட்டி மட்டும் எப்போதும் கட்டியபடியே இருக்கிறது.

இன்னொருவர் ஒரு ஆச்சி. மிளகாய் வத்தல் காம்பு கிள்ளியே பிள்ளைகளை வளர்த்தவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. நல்ல மகன்தான், குறை சொல்ல முடியாது. "தனியா கெடக்க வேண்டாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். இருபதே நாளில் ஆச்சி பஸ் ஏறி வந்துவிட்டது. "அங்க என்னத்த இருக்கு? எட்டு மணிக்கு எல்லாரும் கம்பெனிக்குப் போயிருதாக. நானும் செவரும்தான் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றது. இங்கே வெயிலும் புழுதியும்தான். ஆனால் பேச ஆள் இருக்கிறது, ஓட்டி மேய்க்க இரண்டு ஆடு இருக்கிறது.

வாத்தியார் போக ஆசைப்பட்டார், விடவில்லை. ஆச்சி இருக்க ஆசைப்பட்டது, கூட்டிப் போனார்கள். இரண்டிலும் பாசம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கோயம்புத்தூர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நம்மில் பலர் முதியோர் இல்லம் என்றாலே ஒரு பெரிய ஹாலும், வரிசையாகக் கட்டிலும், அழுத கண்ணும் என்றுதான் நினைக்கிறோம். (சினிமா செய்த வேலை!) இது அப்படி இல்லை. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி கர்னல் ஸ்ரீதரன் தொடங்கிய 'கோவை கேர்' போன்று பல குடியிருப்புகள் அந்தப் பக்கம் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிச் சாவி. சமையல் பொதுவாக ஓர் இடத்தில். குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி. படிக்குப் பதில் சாய்தளம். இரவில் மூச்சுமுட்டினால் அமுக்க ஒரு மணி, ஓடிவர ஒரு நர்ஸ். பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே அரிசோனா மாநிலத்தில் 1960-இல் 'சன் சிட்டி' என்று வயதானவர்களுக்காக ஒரு ஊரையே கட்டித் திறந்தார்கள். நம் நாட்டிலும் இப்படி வீடு கட்டி விற்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று 2019-இல் மத்திய அரசு மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

ஆனால் அங்கே வீடு வாங்கவே பல லட்சம் வேண்டும். அதற்கு மேல் மாதாமாதம் சாப்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் தனிப் பணம். பென்ஷன் வாத்தியாரே யோசிக்க வேண்டும். காம்பு கிள்ளிய ஆச்சி? கரிமூட்டம் போட்ட தாத்தா? வேம்பாரிலும் சிப்பிகுளத்திலும் கடலே கதி என்று இருந்து கண் மங்கிப்போன பெரியவர்கள்? அவர்கள் கையில் இருப்பது முதியோர் உதவித்தொகை மட்டும். தமிழ்நாட்டில் இது 1962-லேயே தொடங்கிவிட்டது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். 2023-இல் அதை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தினார்கள். நான் வணிகவியல் மாணவி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 1,200-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். இந்த 40 ரூபாயில் "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்டால் அவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆக, காசு இருப்பவருக்கு ஊர் வாய் தடை. காசு இல்லாதவருக்குக் காசே தடை. காசில்லாதவர்களுக்கும் கௌரவமான இடம் அமைக்க முடியாது என்று நான் நம்பவில்லை. சென்னையில் சாவித்திரி வைத்தி அம்மையார் 1978-இல் தொடங்கிய 'விச்ராந்தி', ஆதரவில்லாத முதிய பெண்களுக்காகவே நடந்து வந்த இல்லம். ஒரு பெண்மணி நினைத்து நடந்த காரியம் அது.

சட்டமும் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. இதை நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத தாய் தகப்பன், மகனிடமும் மகளிடமும் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். நம் தாலுகாக்காரர்கள் கோவில்பட்டி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கவனித்துக்கொள்வாய் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய முடியும். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் வழக்கில், மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் பத்திர ஆபீசுக்குப் போகும் தாத்தாக்களே, அந்த நிபந்தனையை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்! "எம்மவன்தான, எழுதணுமா?" என்று கூச்சப்பட வேண்டாம். அதே சட்டத்தில் மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, 150 பேர் தங்கும்படி அரசு அமைக்கலாம் என்றும் இருக்கிறது. "அமைக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்களே தவிர "அமைக்க வேண்டும்" என்று எழுதவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நமக்குப் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் 'தலைக்கூத்தல்' என்ற வழக்கம் இருப்பது 2010-இல் பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. படுக்கையில் விழுந்த முதியவரின் உயிரை வீட்டார் கூடி முடித்து வைப்பது. வறுமைதான் காரணம் என்கிறார்கள். அதுவும் வீட்டுக்குள்தான் நடந்தது, இல்லத்தில் இல்லை. "வீடு என்றால் பாசம், இல்லம் என்றால் பாவம்" என்று மேடையில் கோடு கிழித்துப் பேசுகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

அதற்காக எல்லாரையும் இல்லத்தில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆச்சி மாதிரி சொந்தக் குடிசையில்தான் இருப்பேன் என்பவர்களே நம் ஊரில் அதிகம் என்று நினைக்கிறேன். அவர்கள் அங்கேயே இருக்க வழி செய்ய வேண்டும். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வர 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. 70 வயது தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருள் வாசலுக்கே வர 2025 ஆகஸ்டில் 'தாயுமானவர்' திட்டம் தொடங்கியது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது, 2025-26 தமிழக பட்ஜெட்டில் 25 இடங்களுக்கு அறிவித்த 'அன்புச்சோலை'. பகல் முழுக்க அங்கே இருந்து பேசிச் சிரித்துவிட்டு, ராத்திரி சொந்த வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம். நம் வாத்தியாருக்கும் இது சரிப்படும், ஆச்சிக்கும் சரிப்படும். மகன்களுக்கும் ஊர்ப் பேச்சு இல்லை! பெரிய நகரங்களுக்குத்தான் இதெல்லாம் என்று விட்டுவிடக் கூடாது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயது தாண்டியவர்கள். இளவட்டம் எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட நம்மைப் போன்ற கரிசல் காட்டு ஊர்களில் தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும், திண்ணையில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று.

அக்டோபர் 1 உலக முதியோர் தினம். அன்றைக்கு வழக்கம்போல் பேச்சுப்போட்டி வைக்காமல், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நான்கு தெருவுக்கு நோட்டோடு போகலாம் என்பது என் கோரிக்கை. எங்கே இருக்க விருப்பம், உதவித்தொகை வருகிறதா, மாத்திரை கிடைக்கிறதா, பகலில் பேச ஆள் உண்டா என்று கேட்டு எழுதி வரலாம். முதியோர் உதவி எண் 14567-ஐ ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வரலாம். நோட்டில் சேர்ந்ததைத் தொகுத்து, விளாத்திகுளத்துக்கு ஓர் அன்புச்சோலை வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதத் தமிழ் அய்யா உதவுவார் என்று நம்புகிறேன். (அய்யா, உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன்!) வருவதற்கு விருப்பமுள்ளவர்கள் இந்தச் சுவரிதழின் கீழே தொங்கவிட்டிருக்கும் தாளில் பெயரும் வகுப்பும் எழுதவும். பேனாவும் நூலில் கட்டியிருக்கிறேன், யாரும் எடுத்துப் போக வேண்டாம்.