சோபாவுக்காக ஓர் எலும்பு

சோபா கிழியக் கூடாது என்று அமெரிக்காவில் பூனைக்கு நகம் நீக்கும் அறுவை செய்கிறார்கள். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். நகம் எலும்பிலிருந்தே வளர்வதால் ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பையே துண்டிக்கிறார்கள். வலி தாளாமல் சில பூனைகள் மணல் தொட்டிப் பக்கமே போவதில்லை. இது கொடுமை. 2019இல் நியூயார்க் மாநிலம் இந்த அறுவையைத் தடை செய்தது. பல மாநிலங்களில் இன்றும் தடையில்லை. பிறாண்டாமல் பூனையால் இருக்க முடியாது. உடம்பை நீட்டி முறிக்கவும், தன் வாசனையைப் பதிக்கவும் அதற்குப் பிறாண்டல் வேண்டும். அதனால் சோபாவை ஒட்டியே, பூனை நிமிர்ந்து எட்டும் உயரத்தில், கயிறு சுற்றிய ஆடாத கம்பம் ஒன்றை வையுங்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை விரலை மெல்ல அழுத்தி, வெளியே வரும் நகத்தின் நுனியை மட்டும் நறுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் சதையில் கத்தரி படக் கூடாது.