நாய்க்கும் ஜாதி பார்க்கணுமா?

மனுஷங்க விஷயத்துல ஜாதி பார்க்கக்கூடாதுன்னு பக்கம் பக்கமா எழுதற நாம, நாய்னு வந்துட்டா மட்டும் எடுத்த எடுப்புலயே "என்ன ஜாதி?"ன்னுதான் கேட்கறோம். தெருவுல பொறந்தா நாட்டு நாய். காசு குடுத்து வாங்கினா ஜாதி நாய். காவலுக்கும் கெத்துக்கும் வாங்கறவங்க கேட்டுட்டுப் போகட்டும். ஆனா உடம்புக்கு முடியாதவங்களுக்கோ, சிறப்புக் குழந்தைகளுக்கோ ஆறுதலா இருக்கணும், கூடவே வீட்டுக்கும் ஒத்து வரணும்னு நாய் தேடறவங்களும் இதே கேள்வியைத்தான் முதல்ல கேட்கறாங்க. என்னைக் கேட்டா, இது நாலாவதா கேட்க வேண்டிய கேள்வி. முதல் மூணு என்னன்னு கீழ சொல்றேன்.

பொட்டி தட்டறவனுக்கு எதுக்கு இந்த நாய் ஆராய்ச்சின்னு கேட்பீங்க. காரணம் எங்க அக்கா பையன். ஏழு வயசு. ஆட்டிசம் இருக்கு. பேச்சு ரொம்பக் கம்மி. மிக்ஸி ஓடினா காதைப் பொத்திக்கிட்டு அடுத்த ரூமுக்கு ஓடுவான். ஆனா கீழ் வீட்டுல இருக்கற வயசான நாய் பக்கத்துல மட்டும் அரை மணி நேரம் அசையாம உட்கார்ந்திருப்பான். இதைப் பார்த்துட்டு ஒருத்தர் "நீங்களே ஒரு தெரபி டாக் வாங்கிடுங்களேன்"னு கொளுத்திப் போட, குடும்ப வாட்ஸப் குரூப் பத்திக்கிச்சு. மாமா கோல்டன் ரெட்ரீவர்ங்கறார். சித்தப்பா "நம்ம ராஜபாளையம் இருக்கும்போது வெளிநாட்டு நாய் எதுக்கு?"ன்னு கொடி பிடிக்கறார். ஒரு கசின் ஹஸ்கி போட்டோவா அனுப்பித் தள்றான் :-)

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். பார்வை இல்லாதவருக்கு வழிகாட்டற மாதிரி, ஒரே ஒருத்தருக்காகப் பயிற்சி எடுத்தது உதவி நாய். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க தடவிக் குடுக்கறதை சந்தோஷமா ஏத்துக்கறது தெரபி நாய். வீட்டுல இருக்கறது வீட்டு நாய். மூணும் வேற வேற வேலை. எந்த நாயும் தெரபி நாயாப் பொறக்கறதில்ல. அமெரிக்காவுல பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு, குறைஞ்சது 1 வயசு ஆகி, அந்த வீட்டுல 6 மாசமாவது வாழ்ந்த நாயைத்தான் சேர்த்துக்குது. ஆக, 45 நாள் குட்டியைக் காட்டி "இது தெரபி லைன் சார்"னு யாராவது சொன்னா, பர்ஸைப் பத்திரமா உள்ள வச்சுக்கோங்க.

அப்ப ப்ரீடுக்கு மதிப்பே இல்லையா? இருக்கு. ஆனா நாம நினைக்கற அளவுக்கு இல்ல.

2022-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களோட குணத்தைப் பத்தி வளர்க்கறவங்ககிட்ட கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களோட மரபணுவையும் பார்த்தாங்க. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இருக்கற குண வித்தியாசத்துல, ப்ரீடை வச்சு விளக்க முடிஞ்சது சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சு கேட்கற குணம் மாதிரி சிலதுல ப்ரீடோட பங்கு கொஞ்சம் கூட. ஆனா ப்ரீடை மட்டும் வச்சு ஒரு தனி நாயோட குணத்தைக் கணிக்க முடியாதுங்கறதுதான் முடிவு.

நம்ம பாஷையில சொன்னா, ப்ரீடுங்கறது ரெஸ்யூமேல இருக்கற காலேஜ் பேர் மாதிரி. ஷார்ட்லிஸ்ட் பண்ண உதவும். அதை மட்டும் பார்த்து ஆஃபர் லெட்டர் அடிச்சீங்கன்னா அப்புறம் உங்க பாடு.

இதுக்கு ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு. ஹவாய்ல பார்வைக் குறைபாடு உள்ள ஒரு அம்மாவுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவங்க வீட்டுக்காரருக்கோ நாய் முடின்னா அலர்ஜி. ஆஸ்திரேலியாவுல வழிகாட்டி நாய்ச் சங்கத்துல வேலை பார்த்த வாலி கான்ரன், 1989-ல லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். மூணு குட்டி பொறந்தது. அலர்ஜி சோதனையில தேறினது ஒண்ணே ஒண்ணு. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே பிரசவம்! அப்புறம் உலகம் முழுக்க 'லாப்ரடூடில்' மோகம் பிடிச்சு, வியாபாரிங்க கண்டபடி கலக்க ஆரம்பிச்சாங்க. இதை ஆரம்பிச்சு வச்சதுக்காக வருத்தப்படறதா அவரே 2019-ல பேட்டி குடுத்தார். அந்தக் குடும்பத்துக்கு உதவினது ஒரு நாய். உலகம் வாங்கினது ஒரு ஜாதிப் பேரை.

இன்னொரு பக்கம் பாருங்க. தெரபி நாய்களோட முன்னோடின்னு பல பேர் சொல்ற ஸ்மோக்கி, 1944-ல நியூ கினியா காட்டுல ஒரு பதுங்குகுழியில கிடைச்ச யார்க்‌ஷயர் டெரியர். எடை 2 கிலோகூட இல்ல. எலி பிடிக்கறதுக்குன்னு உருவாக்கின ஜாதி அது. அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியில ஆறுதலா இருந்தது. எந்த லிஸ்ட் வச்சு அதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்?

சரி, லிஸ்ட் இல்லாம விடமாட்டீங்கன்னு தெரியும். சென்னை வெயிலையும், பால்கனியே மொட்டைமாடியா இருக்கற பிளாட் வாழ்க்கையையும் மனசுல வச்சு என் மார்க் இதோ.

லாப்ரடார்: பெரும்பாலும் ஊரே அதுக்குச் சொந்தக்காரங்க, அதனால பாஸ். ஆனா வளர்ந்த ஆண் நாய் 30 கிலோவுக்கு மேல போகும், முதல் ரெண்டு வருஷம் வீட்டை ரெண்டாக்கும். சாப்பாட்டு ஆசைக்கும் அளவே இல்ல. 2016-ல கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், லாப்ரடார்ல சுமார் நாலுல ஒண்ணுக்கு பசியோட தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க. அவங்க பார்த்த உதவி நாய்கள்ல இது 76 சதவீதம்! தீனிக்காக எதையும் கத்துக்கறதுக்கு இதுவே காரணமா இருக்கலாம்ங்கறது அவங்க யூகம். பாட்டி ஆளுக்கொரு பிஸ்கெட் போடற வீடா இருந்தா, ஐந்தே வருஷத்துல மூட்டு போயிடும்.

கோல்டன் ரெட்ரீவர்: குணத்துல தங்கம். ஆனா அந்த முடியை நம்ம ஊர் புழுக்கத்துல விடாம சீவணும், உண்ணி பார்க்கணும். நேரம் இருந்தா மட்டும்.

பக்: 2003-ல வந்த ஹட்ச் விளம்பரத்துக்கு அப்புறம் தெருவுக்கு ஒண்ணு. பையனுக்கு உதவறது இருக்கட்டும், மே மாசம் அதுவே மூச்சு விட அல்லாடும்.

ஸ்பிட்ஸ் (நாம 'பொமரேனியன்'னு கூப்பிடற வெள்ளை நாய், பெரும்பாலும் இதுதான்): புத்திசாலி, நம்ம வெயிலும் தாங்கும். ஆனா காலிங் பெல்லுக்கு ஒரு கச்சேரி, குக்கர் விசிலுக்கு ஒரு கச்சேரி. சத்தம் ஆகாத குழந்தை இருக்கற வீட்டுக்கு யோசிங்க.

ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட்: நாயை ஏசியில அடைச்சு வைக்கறதுக்குப் பேர் வளர்ப்பு இல்ல. அடுத்தது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை: சித்தப்பா மன்னிக்கணும். ராஜபாளையத்துக்கு 2005-ல தபால்தலை வெளியிட்டாங்க, எனக்கும் பெருமைதான். ஆனா காவலுக்கும் வேட்டைக்கும் தலைமுறை தலைமுறையா பழக்கின இனங்கள் இவை. அந்நியரைச் சட்டுனு நம்பாதது அதுங்களோட குறை இல்ல, அதுங்களோட வேலை. தினம் புதுசு புதுசா பத்து பேர் தொடணும்ங்கற வேலைக்கு அவங்களைக் கூப்பிடறது நியாயமில்ல. விதிவிலக்கு இருக்கும். விதிவிலக்கை நேர்ல பார்த்து நம்புங்க.

நாட்டு நாய்: நம்ம சீதோஷ்ணத்துக்கே பொறந்தது, மருத்துவச் செலவும் பொதுவா கம்மி. குணம் மட்டும் நாய்க்கு நாய் ரொம்ப மாறும். அதனாலதான் வளர்ந்த நாயா, பார்த்து எடுக்கணும்.

இப்ப அந்த மூணு கேள்வி.

ஒண்ணு, பகல்ல யார் பார்த்துக்கப் போறாங்க? அக்காவும் மாமாவும் வேலைக்குப் போறாங்க. வீட்ல இருக்கறது மூட்டுவலியோட மாமாவோட அம்மா. லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. 30 கிலோ லாப்ரடார் ஒரு பூனையைப் பார்த்து இழுத்தா, அந்தப் பாட்டி என்ன ஆவாங்க?

ரெண்டு, யாருக்காக வாங்கறோமோ அவங்களுக்கு எது பிடிக்கும், எது தாங்காது? பையனுக்குப் பிடிச்சிருக்கறது நாய்ங்கற இனமா, இல்ல அசையாம படுத்திருக்கற அந்த ஒரு கிழ நாயா? துள்ளிக் குதிச்சு முகத்தை நக்கற குட்டி அவனை ரூமுக்குள்ள முடக்கிடலாம். பால் பல் கடியும் சேர்ந்தா, கேட்கவே வேணாம்.

மூணு, இந்தக் குறிப்பிட்ட நாய் எப்படி? தட்டு கீழ விழுந்தா பதறி ஓடி ஒளியுதா, இல்ல எட்டிப் பார்த்துட்டுத் திரும்பி வருதா? காதையும் வாலையும் தொட்டா உறுமுதா? சக்கர நாற்காலியைப் பார்த்தா குலைக்குதா? வாய்ல இருக்கறதைக் கேட்டா குடுக்குதா? இதையெல்லாம் ரெண்டு வயசு நாய்கிட்ட நேர்ல பார்க்கலாம். குட்டிகிட்ட ஜோசியம்தான் பார்க்கணும்.

இந்த மூணுக்கும் பதில் வச்சுக்கிட்டு, நாலாவதா ப்ரீடுக்கு வாங்க. அக்காகிட்ட நான் சொன்னது இதுதான்: குட்டி வேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்கவும் வேண்டாம். கீழ் வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு, வாரம் ரெண்டு நாள் பையனைக் கூட்டிட்டுப் போ. ஆறு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா, இரண்டு மூணு வயசான, அமைதியான, நடுத்தர எடையுள்ள நாயா தத்தெடுக்கலாம். லாப்போ நாட்டு நாயோ, பையனோட நாலஞ்சு தடவை சந்திச்ச பிறகு முடிவு பண்ணலாம். மாமாவுக்கு முகம் சுருங்கிடுச்சு. பரவாயில்ல. இன்னைக்கு வர்ற குட்டி 12 வருஷம் வாழும். அது போறப்ப இவனுக்கு பத்தொன்பது வயசு. இவ்ளோ நீண்ட உறவை, போட்டோவைப் பார்த்து முடிவு பண்ண முடியுமா?

கடைசியா நாய் பக்க நியாயம். பெட் பார்ட்னர்ஸ் விதிப்படி ஒரு தெரபி நாய் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யக்கூடாது. பழக்கின நாய்க்கே அவ்ளோதான். வீட்ல வாங்கிப் போட்ட நாய் மட்டும் 24 மணி நேரமும் குழந்தை கட்டிப்பிடிக்கறதைத் தாங்கணும்னா எப்படி? நாய் தூக்கம் வராமயே கொட்டாவி விட்டா, உதட்டை நக்கினா, தலையைத் திருப்பி ஓரக்கண்ணால பார்த்தா, "போதும்"னு சொல்லுதுன்னு அர்த்தம். அது போய்ப் படுத்துக்க யாரும் தொடாத ஒரு மூலை வேணும். அதை மதிக்காத வீட்லதான் "திடீர்னு கடிச்சிடுச்சு"ங்கற பேச்சு வரும்.

நாய் ஒண்ணும் மாத்திரை இல்ல, டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்து வாங்கறதுக்கு. சில வீட்ல அது பெரிய மருந்தா ஆயிடுது. அப்படி ஆகறது, அதுக்கும் அந்த வீடு பிடிச்சுப் போறதாலதான்.

பி.கு: சிறப்புக் குழந்தை இருக்கற வீட்ல நாய் வளர்க்கறவங்க யாராவது இங்க இருந்தா, உங்க அனுபவத்தைச் சொல்லிட்டுப் போங்க. ஜாதிப் பேர் வேண்டாம், குணத்தைச் சொல்லுங்க. அக்காவும் படிப்பா.