கட்டில் இல்லாத மருத்துவமனையில் செவிலியர் யார்?

பூவிருந்தவல்லி நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள என் அலுவலகத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் இளம்பெண் பணி நியமனக் கடிதம் ஒன்றுடன் வந்தார். பி.எஸ்சி. செவிலியம் படித்தவர், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவர். கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டு, அம்பத்தூர் அத்திப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியமர்த்தப்பட்ட தலித் குடும்பம் அவருடையது. வீட்டிலிருந்தபடியே நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து, சர்க்கரை அளவைக் கேட்டுப் பதிந்து, மருந்து உட்கொள்கிறார்களா என விசாரித்து, அபாய அறிகுறி தென்பட்டால் மருத்துவருக்கு இணைப்பது வேலை. முழுக்க முழுக்கச் செவிலியப் பணி. ஆனால் கடிதத்திலிருந்த பதவியின் பெயர் ‘கஸ்டமர் சப்போர்ட் எக்சிகியூட்டிவ்’.

“பெயரில் என்ன இருக்கிறது மேடம், சம்பளம் வந்தால் போதாதா?” என்று கேட்டார். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது.

2020 மார்ச் 25 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களே இத்துறையின் அடிப்படை ஆவணம். தொலைவிலிருந்து ஆலோசனை வழங்கும் உரிமையை அது பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே அளிக்கிறது. செவிலியர் அதில் ‘சுகாதாரப் பணியாளர்’ என்ற தொகுப்பில் வருகிறார். நோயாளியின் அருகில் இருந்து, மருத்துவரோடு பேச உதவுபவராக. இ-சஞ்சீவனி திட்டத்தில் துணை சுகாதார நிலையத்தில் அமர்ந்திருப்பவர் அவர்தான். தொலைபேசியின் மறுமுனையில் தனியே அமர்ந்து நோயாளியை விசாரிக்கும் செவிலியருக்கு அந்த ஆவணத்தில் தனி இடம் இல்லை. சட்டத்தில் பெயரில்லாத வேலைக்கு நிறுவனம் விரும்பிய பெயரைச் சூட்டுகிறது.

ஊதியமும் அப்படியே. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவையடுத்து அமைக்கப்பட்ட வல்லுநர் குழு, படுக்கை எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டது. 200 படுக்கைகளுக்கு மேலிருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 50-க்குக் கீழிருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இப்பரிந்துரையே ஒழுங்காக நடைமுறைக்கு வரவில்லை என்பது தனிக் கதை. அது வந்திருந்தாலும், கட்டிலே இல்லாத மருத்துவமனையில் எதை எண்ணி ஊதியம் நிர்ணயிப்பது?

இருந்தும் நம் பெண்கள் இவ்வேலையைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாடகை வீடு கேட்டுச் செல்லும் தலித் செவிலியர் முதலில் எதிர்கொள்வது ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி. வார்டில் மலமும் சீழும் துடைக்கும் பணி யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு வெளியேற விடாத நிர்வாகங்களும் உள்ளன. தொலைபேசியில் முகம் இல்லை, தெரு இல்லை. சாதியும் இராது என்ற நம்பிக்கை இயல்பானது.

அந்த நம்பிக்கை தேர்விலேயே அடிபடுகிறது. ‘குரல் தேர்வு’ என்ற பெயரில் ஆங்கில உச்சரிப்பும் ‘நல்ல தமிழும்’ சோதிக்கப்படுகின்றன. சேரியின் பேச்சு அங்கே தகுதிக் குறைவு. அடுத்து, தனி அறையும் தடையற்ற இணையமும் கேட்கிறார்கள். அத்திப்பட்டிலும் குடப்பாக்கத்திலும் அரசே கட்டித் தந்த வீடுகளில் நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் தனி அறைக்கு எங்கே போவது? என் கட்சிக்காரர் சமையலறையில் அமர்ந்து பேசுகிறார். அந்நேரத்தில் குக்கர் வைப்பதில்லை.

அமெரிக்க நோயாளிகளுக்கான இரவுப் பணி என்று வரும் விளம்பரங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அங்குள்ள நோயாளிக்குச் செவிலிய ஆலோசனை தர, அவர் வசிக்கும் மாநிலத்தின் உரிமம் தேவை. உரிமம் வேண்டாம் என்று சொல்லப்படும் வேலை பெரும்பாலும் மெடிக்கல் கோடிங், காப்பீட்டு முன் அனுமதி போன்ற எழுத்துப் பணியாக இருக்கும். அது நேர்மையான வேலைதான். முன்பணம் கேட்டால் மோசடி. வெளிநாடு செல்பவரிடம் முகவர் வாங்கும் கட்டணத்துக்குக் குடிபெயர்வுச் சட்டம், 1983-இன் விதிகள் 30,000 ரூபாயும் வரியும் என உச்சவரம்பு வைத்துள்ளன. ஆவடியில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவர் குடிபெயர்வதில்லை. அப்பாதுகாப்பு அவரை எட்டுவதில்லை. பணம் இழந்தவர்கள் தாமதியாமல் 1930-ஐ அழைக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-இன் கீழ் புகாரும் அளிக்கலாம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் ஏழாவது அட்டவணை, இணையவழித் தொழில் தளங்களின் பட்டியலில் சுகாதாரத்தையும் சேர்த்திருக்கிறது. இத்தளங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காட்டைத் தொழிலாளர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும். இதை வரவேற்கலாம். ஆனால் அழைப்புக்கு இவ்வளவு எனக் கூலி தந்து செவிலியரை ‘கிக்’ தொழிலாளியாக்கினால், வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கைநழுவிப் போகும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

அரசு என்ன செய்கிறது? 2008-இல் தொடங்கிய 108, 2013 இறுதியில் தொடங்கிய 104 ஆகிய சேவைகள் தனியார் கூட்டில் நடக்கின்றன. மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் இந்தத் தொலைபேசி இருக்கைகளுக்கு ஆளெடுப்பது முகமை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியே நியமனம் நடந்தால் 69 விழுக்காடு இடஒதுக்கீடு பொருந்தும். பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என இனச்சுழற்சி ஓடும். முகமை வழியே நடந்தால் எதுவும் இல்லை. (கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் இங்கே பிற்படுத்தப்பட்டோராகவே கொள்ளப்படுவதால், செவிலியத்தில் கணிசமாக உள்ள தலித் கிறித்தவப் பெண்களுக்கு வாரியத்திலும் பாதி நியாயமே.) 104-இன் செவிலியர் இருக்கைகளை வாரியத்தின் பணியிடங்களாக்க ஓர் அரசாணை போதும். அதைக் கேட்க வேண்டிய இடம் தலைமைச் செயலகம். ஆனால் நமது அமைப்புகளின் கோரிக்கைப் பட்டியல்களில் இதை நான் இதுவரை கண்டதில்லை.

அந்தப் பெண் வேலையில் சேர்ந்துவிட்டார். சேருமுன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் தயாரித்துத் தந்தேன். கேட்டவை மூன்று: பதவியின் பெயர் ‘செவிலியர்’ என்றும், அனுபவச் சான்றில் குழுமப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், அபாய அறிகுறியைத் தவறவிட்டதாகப் புகார் எழுந்தால் சட்டப் பொறுப்பை நிறுவனம் ஏற்க வேண்டும், இணையச் செலவைத் தனியே தர வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் இசைந்தார்கள். முதலாவதை ‘நிறுவனக் கொள்கை’ என்று மறுத்தார்கள். இரண்டாவதற்குப் பதில் இன்னும் வரவில்லை, நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம்.