காவலும் ஒரு கல்வியே

வானிற் பறக்கும் போர்விமானத்தைக் கண்டு உலகம் அஞ்சுகின்றது. அதே விமானம் தரையில் நிற்கும்போது அதைப் போல எளிதில் அழியக்கூடிய பொருள் வேறில்லை. அப்படியாயின், அது நிற்கும் தளத்தைக் காப்பது எவர் கடமை? இக்கேள்விக்கு விடை காணப் பிரித்தானியா ஒரு தீவையே பறிகொடுக்க வேண்டியிருந்தது.

1941ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி ஜேர்மனியப் பரசூட் வீரர் கிறீற் தீவில் இறங்கினர். மாலெமே விமானத்தளத்தை நியூசீலந்துப் படைப்பிரிவொன்று காத்து நின்றது. தளத்திலிருந்த பிரித்தானிய விமானப்படை ஊழியரோ அப்படைத் தளபதியின் ஆணைக்கு உட்பட்டவரல்லர், தரைப்போரில் தேர்ந்தவருமல்லர். பலர் அடித்த பாம்பு சாகாது என்பர் நம்மவர். மறுநாளே தளம் கைமாறியது. பகைவரின் துருப்புக் காவி விமானங்கள் அதில் வந்திறங்கின. சில நாட்களில் தீவும் வீழ்ந்தது.

இத்தோல்வி சேர்ச்சிலைச் சுட்டது. விமானத்தளத்தில் இருப்போர் அனைவரும் அதைக் காக்கப் போரிட வல்லவராதல் வேண்டுமென அவர் வற்புறுத்தினார். 1942ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி றோயல் விமானப்படை றெஜிமென்ற் தோன்றியது. விமானத்தளத்தைக் காப்பதையே தொழிலாகப் பயின்ற படை அது. இன்று அப்படையினர் ட்ரோன்களை எதிர்க்கவும் பயிற்றப்படுகின்றனர்.

ஏனெனில், பகை இப்பொழுது பரசூட்டில் வருவதில்லை. 2018ஆம் ஆண்டு ஜனவரியில், சிரியாவிலுள்ள ருஷ்யத் தளங்கள் இரண்டை நோக்கி 13 ட்ரோன்கள் வந்தன. 7ஐச் சுட்டு வீழ்த்தி, 6ஐ மின்னணுக் கருவிகளால் வசப்படுத்தியதாக ருஷ்யா அறிவித்தது. ஆனால், 2025ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி நிகழ்ந்தது என்ன? லொறிகளில் மறைத்துக் கொண்டுசெல்லப்பட்ட உக்ரேனிய ட்ரோன்கள், போர்முனைக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த தளங்களிலும் ருஷ்யாவின் பெரும் குண்டுவீச்சு விமானங்களை எரித்தன. முன்னைய தளங்களில் ஆயத்தமான காவல் இருந்தது. பின்னையவற்றில் தூரமே காவலென எண்ணியிருந்தனர் போலும்!

இக்காவலன் கற்க வேண்டியவை பல. றேடார் திரையில் தோன்றும் புள்ளி பறவையா, தன் நாட்டு விமானமா, பகைவனின் ட்ரோனா என்று நொடிப்பொழுதில் துணிதல் வேண்டும். வானொலித் தொடர்பைக் குழப்பினால் சில ட்ரோன்கள் விழும். கண்ணாடி இழையால் இயக்கப்படுவன விழமாட்டா. முப்பது இலட்சம் டொலருக்கு மேல் விலைபெறும் பேற்றியற் ஏவுகணையைச் சில நூறு டொலர் ட்ரோனின்மீது ஏவினால், வென்றும் தோற்றவனாவான். சுடுதல் மட்டுமே காவலுமன்று. 2020ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி ஈராக்கிலுள்ள அல் அஸாத் தளத்தை ஈரானிய ஏவுகணைகள் தாக்கியபோது, முன்னறிவிப்புப் பெற்ற அமெரிக்க வீரர் பதுங்குகுழி புகுந்தமையால் எவரும் இறக்கவில்லை. ஆயினும், நூற்றுவருக்கு மேற்பட்டோர் வெடிப்பின் அதிர்ச்சியால் மூளைக் காயமுற்றனர்.

இவையெல்லாம் வேறு தொழில் புரிவோர் ஓய்வு நேரத்திற் கற்கக்கூடியனவா? எத்துணைச் சிறப்புடைய அரணும் செயற்றிறன் இல்லாதாரிடத்துப் பயன்படாதென்று வள்ளுவர் அரண் அதிகாரத்தை முடிக்கின்றார். விமானியின் படம் பத்திரிகையில் வரும். காவலன் வெற்றி பெற்ற இரவிலோ எதுவுமே நிகழ்வதில்லை. ஆதலால் அவனை எவரும் அறியார். அந்த அறியப்படாத இரவுகளுக்காக ஒருவனைப் பல்லாண்டு பயிற்றுவதற்குத் தூரநோக்குடைய அரசு வேண்டும்.